நளதீர்த்தக் கரையில் விட்டுவந்த சட்டை

“பரீட்சை எழுதியாச்சு. ரிசல்ட்டப் பத்தி நெனைக்காம எப்படி சார் இருக்கறது?” என்று பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள். பலனில் பற்று வைக்காமல் கடமையைச் செய்வது பற்றி அன்று அவர்கள் பள்ளியில் பேசிக்கொண்டிருந்தேன். “நாற்று நட்டவர் தினமும் அதைப் பிடுங்கி, வேர் பிடித்ததா என்று பார்ப்பாரா?” என்று உதாரணம் சொன்னேன். அவளும் தலையாட்டினாள். நேற்று முன்தினம் திருநள்ளாறு போன வழியெல்லாம் அந்த நாற்றை நான்தான் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி கமலாவின் கழுத்தில் ஒரு கட்டி. சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். வியாழக்கிழமை மதியத்துக்குள் என் போனில் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். வீட்டில் உட்கார்ந்து காத்திருக்க எனக்குத் தெம்பில்லை. காரைக்காலை ஒட்டிய கோவில்பத்தில் கமலாவின் தங்கை வீடு. முதல் நாளே அங்கே போய்விட்டோம்.

வியாழன் காலை எட்டரைக்கு ஆட்டோ வந்தது. திருநள்ளாறு ஐந்தாறு கிலோமீட்டர்தான். காத்திருந்து திரும்ப நானூறு ரூபாய். (பஸ்ஸும் உண்டு. கமலாவுக்கு முழங்கால் வலி.) ஓட்டுநர் செல்வம் சுரக்குடிக்காரர். நான் போனை எடுத்து எடுத்துப் பார்த்ததைக் கண்ணாடியில் கவனித்துவிட்டார்.

“இங்கல்லாம் டவர் நல்லா கெடைக்கும் சார், கவலப்படாதீங்க.”

“டவர் இல்ல தம்பி பிரச்சின,” என்றாள் கமலா. “கட்டி எனக்கு, காய்ச்சல் அவருக்கு.”

கோயில் குளமான நளதீர்த்தத்தில் நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்து, உடுத்தியிருந்த துணியை விட்டுவிட்டுப் புதுத்துணியோடு திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். பிடித்த சனிப் பீடை அந்தத் துணியோடு போய்விடும் என்பது நம்பிக்கை. துணியைத் தண்ணீரில் போடாதீர்கள், கரையில் போடுங்கள். நானும் குளித்தேன், சட்டையை விட்டேன், முறைப்படி திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

சிவன் சன்னிதி வரிசையில் பாதி தூரம் போனபின் சட்டைப் பையைத் தொட்டேன். காலி.

“கமலா! போன் பழைய சட்டையில!”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “சனியோட சேத்து அதையும் விட்டுட்டீங்களா?”

“ஓடிப்போய் எடுத்துட்டு வந்துடறேன்.”

“ஏங்க, இருங்க. இந்தக் கூட்டத்துல என்னத் தனியா விட்டுட்டா போவீங்க? செல்வத்துக்கு என் போன்லேந்து சொல்லிடறேன்.”

சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்துகொண்டாள். பார்க்கப் போன் இல்லாததால் அவள் முகத்தைப் பார்த்தேன். காலையிலிருந்து கேலி பேசியவளின் கை சில்லென்று இருந்தது.

“பயமா இருக்கா?”

“இப்பத்தான் கேக்குறீங்க.”

கண் கலங்கிவிட்டது அவளுக்கு. சனீஸ்வரரையும் கும்பிட்டு வெளியே வரும்வரை அந்தக் கையை நான் விடவில்லை. வேண்டிக்கொள்ளக்கூட மறந்துவிட்டேன்.

வாசலில் செல்வம் எண்ணெய்ப் பிசுக்கோடு போனை நீட்டினார். “துணியெல்லாம் மூட்டையா கட்டிட்டாங்க சார். உங்க நம்பருக்கு அடிச்சேன், மூட்டை பாடிச்சு!”

மருத்துவமனையிலிருந்தும் அழைப்பு வந்து தவறியிருந்தது. கமலாவிடமே கொடுத்தேன். திரும்பக் கூப்பிட்டுப் பேசிவிட்டுச் சொன்னாள்: “இன்னொரு டெஸ்ட் எடுக்கணுமாம். திங்கக்கெழம வரச் சொல்றாங்க.”

ஆக, எதுவும் முடியவில்லை. பயம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அந்த மாணவிக்கு இப்போது பதில் சொல்வேன்: நினைக்காமல் இருக்க முடியாது, அம்மா, நினைத்துக்கொண்டே அடுத்த வேலையைச் செய்யலாம். கமலாவுக்கு விழுங்கக் கஷ்டமாக இருக்கிறது. திங்கள்வரை கஞ்சியைக் குழைய வைப்பது என் வேலை.

போகிறவர்கள் சனிக்கிழமைக் கூட்டத்தைத் தவிருங்கள். துணியை விடுமுன் பையைத் தடவிப் பாருங்கள். அதைவிட முக்கியமாக, ஏதாவது ஒரு முடிவுக்குக் காத்திருக்கும்போது போனைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் “பயமா இருக்கா?” என்று ஒருமுறை கேளுங்கள்.