மூன்றாம் சரணத்தின் வேகம்

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஐந்து கோடுகளின் மேல் ஸ்வரங்கள் ஒரே அளவில் வரிசையாக நிற்கின்றன. வேகத்தையும் நடையையும் குறிக்க வேண்டிய மேல் இடம் மட்டும் வெள்ளையாகக் கிடக்கிறது. அங்கே என்ன எழுதுவது என்று தெரியாமல் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

தொண்ணூறுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு டிடிபி சென்டரில் வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவே, நண்பன் ஃப்ளாப்பியில் கொடுத்த மென்பொருளை நோண்டிக்கொண்டிருப்பேன். ஸ்வரங்களை எழுத்துகளாக அடித்துக் கொடுத்தால் அது இசைக்குறிப்பாக அச்சிட்டுத் தரும். இதைக் கேள்விப்பட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் சர்ச்சில் கால் ஆர்மோனியம் வாசிக்கும் டீச்சர் தேடி வந்தார்கள். அவர்களே மெட்டமைத்து, சபை வருஷாவருஷம் பாடிவந்த கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்று எங்கும் எழுதப்படாமல் இருந்தது. ஓய்வு பெற்று, கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போகப்போகிறவர்களுக்கு, தனக்குப் பிறகு பாட்டு என்ன ஆகுமோ என்ற கவலை.

ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் போய் உட்கார்ந்து கேட்டேன். இரண்டிரண்டு ஸ்வரங்களில் முதலாவது இழுபடும், அடுத்தது ஓடிவிடும். சம அளவில் அடித்தால் பாட்டு சப்பென்று இருந்தது. நெடிலும் குறிலுமாகப் பிரித்து அடித்தால் போலீஸ் பரேடு ஆகிவிட்டது. சமமாகவே எழுதி, மேலே ‘ஸ்விங்’ என்று, முதலாவதை இழுத்து வாசிக்கச் சொல்லும் ஒரு சொல் போடவும் வழி இருந்தது. மூன்றாம் சரணத்திலோ வேகம் குறையும். எவ்வளவு என்பது வாரத்துக்கு வாரம் மாறும். மென்பொருளோ ஒரே எண்ணைக் கேட்டது.

"எம்புட்டு வேகம்னு ஒண்ணு சொல்லுங்க டீச்சர்."

"வாசிச்சாத்தான தம்பி தெரியும்."

ஒரு ஞாயிறு தற்செயலாகக் கீழே பார்த்தேன். காற்றுக்காக மாறி மாறி மிதிக்கும் கால்களில் ஒன்று இளம்பிள்ளை வாதத்தில் சூம்பியது. நல்ல கால் நின்று மிதித்தது. மற்றது தொட்டுவிட்டு விலகியது. விரல்களும் அப்படியே போயின. மூன்றாம் சரணத்தில் நல்ல காலும் தளர்ந்துவிட்டது. பாட்டின் நடை கால்களிலிருந்து வருகிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். டீச்சர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார்கள். அவர்களுக்கும் அது புதிதாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

"நேராவே எழுதிருங்க தம்பி. எனக்குக் கால் நோவுதுன்னு சபையில அவிய எல்லாரும் எதுக்கு நொண்டணும்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். எனக்குச் சிரிக்க வரவில்லை. நேராகவே அச்சடித்து, ஒரு பிரதியை வைத்துக்கொண்டு, கொடுத்தேன். டீச்சர் ஊரைவிட்டுப் போனார்கள்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு மின்சாரக் கீபோர்டு வந்திருந்தது, மிதிக்க வேண்டியதில்லை. புதிதாக வந்த வாசிப்பவர் தாளைப் பார்த்து நேராக வாசித்தார். முதல் வரியிலேயே பாடகர் குழு இழுத்தது. மூன்றாம் சரணத்தில் சபையே மெதுவானது. பிறகு அவர் என்னிடம் வந்தார்.

"தாள்ல ஒண்ணு இருக்கு, இவிய வேற பாடுதாவ. எதுண்ணே சரி?"

"அவிய கூடவே போங்க" என்றேன்.

இப்போதைய மென்பொருளில் இதற்கெல்லாம் ஒரே வரி போதும். அந்த வெள்ளை இடத்தில் ‘ஸ்விங்’ என்று அடிக்கிறேன். டீச்சர் சொன்னது நினைவுக்கு வர, அழித்துவிடுகிறேன். சர்ச்சில் இன்றும் மூன்றாம் சரணம் மெதுவாகத்தான் போகிறது. பாடுகிறவர்களில் பாதிப் பேர் டீச்சரைப் பார்த்ததே இல்லை.