ஜெல் பட்ட இடம்

இதைச் சொன்னால் என் கணவர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். அந்தக் கட்டிலருகே நின்றது நான், அவர் இல்லை. நடந்தது ராத்திரியும் இல்லை. நல்ல பகல், மணி பதினொன்றரை.

நான் வேலை பார்க்கும் அவசரப் பிரிவுக்கு ஓர் இளைஞனைத் தூக்கி வந்தார்கள். பஸ் நிறுத்தத்தில் விழுந்து கிடந்தானாம். நினைவில்லை. உடம்பு அனலாய்க் கொதித்தது. சிறுநீர் துளிகூட இறங்கவில்லை. சிறுநீரகத்தில் அடைப்பு என்றால் உடனே திறந்துவிட வேண்டும். தாமதித்தால் ஆள் தேறமாட்டான்.

"கூட யாரும் வரலையா, சிஸ்டர்?"

"ஒரு ஈ காக்கா இல்ல, டாக்டர்." மருந்தெடுக்க ஓடினார் சிஸ்டர்.

ஸ்கேன் மெஷினைக் கட்டிலுக்கே இழுத்து வந்தேன். வலது விலா, இடது விலா இரண்டிலும் பார்த்தேன். சிறுநீரகங்கள் சுருங்கிக் கிடந்தன. பழைய நோய். அடைப்பு இல்லை. கோளாறு வேறெங்கோ என்று மெஷினை நகர்த்தப் போனேன்.

"அங்க இல்ல, டாக்டர்."

கட்டிலுக்கு அந்தப் பக்கம், பச்சைச் சுடிதாரில் ஒரு பெண்.

"நீங்க யாரும்மா?"

"அக்கா. கீழ பாருங்க... போர்வைக்குக் கீழ."

போர்வையை இறக்கினேன். அடிவயிற்றில் வளைந்த தழும்பு. மாற்றுச் சிறுநீரகம்! அதை அங்கேதான் பொருத்துவார்கள். அவசரத்தில் நான் விலாவோடு நின்றுவிட்டேன்.

ஜெல்லை வைத்தேன்.

"ஸ்ஸ்... சில்லுனு இருக்கு."

அவன் உதடு அசையவில்லை. சொன்னது அவள்.

திரையில், சிறுநீர் தேங்கி உப்பிய சிறுநீரகம். இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.

"மெதுவா... வலிக்குது."

அதுவும் அவள்தான்.

மெல்ல நிமிர்ந்தேன்...

அந்தப் பக்கம் சுவர்.

கட்டில் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. ஒரு கை நுழையக்கூட இடமில்லை.

குழாய் போட்டோம். பிழைத்துக்கொண்டான். கண் விழித்துப் பேச ஆரம்பித்ததும், "உங்க அக்கா சொல்லலைன்னா உன்னைக் கோட்டை விட்டிருப்பேன், தம்பி" என்றேன்.

என்னையே பார்த்தான். "எனக்கு ஒரே அக்காதான், டாக்டர். ஆக்சிடெண்ட்ல போயிட்டா." அடிவயிற்றில் கை வைத்தான். "இது அவளோடது."

பச்சைச் சுடிதாரைப் பற்றிச் சொன்னேன்.

"வேற ஏதாச்சும் சொன்னாளா?"

"ஜெல்... சில்லுனு இருக்குன்னா."

அழுதுகொண்டே சிரித்தான். "அவதான். தண்ணி சில்லுனு பட்டாலே வீட்டையே ரெண்டாக்கிடுவா."

அடுத்த மாதம் மறுபரிசோதனைக்கு வந்தான். ஜெல்லை என் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி, பிறகுதான் தடவினேன். அவன் வாயைத் திறக்கவில்லை.

என் காதருகே ஒரு மூச்சு.

"இப்ப பரவால்ல..."