பியானோ வரும்வரை

லிஃப்டில் பன்னிரண்டாவது மாடிக்குப் போகும்போது என் இடது காது அடைத்தது. எச்சில் விழுங்கினேன். மூக்கைப் பிடித்து ஊதினேன். திறக்கவில்லை. ஜலதோஷம் என்று நினைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனேன்.

துபாயில் ஒரு ஹோட்டலின் ஒலி அமைப்பைப் பராமரிப்பது என் வேலை. லாபியிலும் லிஃப்டிலும் நாள் முழுக்க வாத்திய இசை ஓடும். பாடும் குரல் கிடையாது. கூட்டமாக வயலின்கள், பிறகு பியானோ. என் அப்பா பள்ளிக்கூடம் போன காலத்தில் மேல்நாட்டு வானொலிகளில் சக்கைப்போடு போட்ட மெட்டுகளாம். பதினோரு வருடம் கேட்டும் ஒன்றின் பெயரும் எனக்குத் தெரியாது. எதற்குப் பின் எது வரும் என்பது மட்டும் தெரியும்.

அன்று மாலை வயலின்கள் கரகரத்தன. லிஃப்ட் ஸ்பீக்கர் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். மறுநாள் ஸ்பீக்கரை மாற்றினேன், அதற்கடுத்த நாள் ஒயரை. அப்படியும் ஒரே மெட்டின் தொடக்கம் திரும்பத் திரும்ப வந்தது. நான்காம் நாள் காலையில் ஆம்ப்ளிஃபயரையே அணைத்துவிட்டு ஏணியில் ஏறினேன். வயலின்கள் நிற்கவில்லை. வேறு லைனிலிருந்து கசிகிறதா என்று செக்யூரிட்டி ரஹீம் பாயைக் கேட்டேன்.

"மியூசிக் மாஃபி, பாய்," என்றார் அவர். "சுபே ஸே பந்த் ஹை."

இசையே இல்லை, காலையிலிருந்து நின்றுதான் கிடக்கிறது என்கிறார். நான் வலது காதைக் கையால் பொத்தினேன். அவர் உதடு அசைந்தது, குரல் வரவில்லை. வயலின்கள் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தன. அவர்தான் என்னை ஏணியிலிருந்து பிடித்து இறக்கினார்.

துபாய்க்கு அடுத்த அஜ்மானில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மருத்துவமனையின் காது மருத்துவர் கோயம்புத்தூர்க்காரர். ஆடியோகிராம் (எந்தெந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று கோடாக வரைந்து காட்டும் சோதனை) எடுத்தார். இடது காதின் கோடு படத்தின் அடியில் கிடந்தது.

"எப்பங்க அடைச்சுது?"

"நாலு நாள் ஆச்சு டாக்டர். ஸ்பீக்கர்ல கோளாறுன்னு நினைச்சேன்."

"அன்னைக்கே வந்திருக்கணுங்க. இது உள்காதுல திடீர்னு கேட்கும் திறன் போயிடறது. நாள் தள்ளத் தள்ள திரும்பி வர்றது கஷ்டம்."

"அப்ப அந்த வயலின்?"

"காதுல இருந்து ஒண்ணும் வரலைன்னா, சில பேருக்கு மூளையே பழசை எடுத்து ஓட்டிக்கும். பைத்தியமெல்லாம் இல்லீங்க, பயப்படாதீங்க."

பயப்படாமல் எப்படி இருப்பது? காதுதான் எனக்குச் சோறு போடுகிறது. வேலை போனால் விசா போகும், மகளின் படிப்பு பாதியில் நிற்கும். ஏணியில் தொலைத்த நாட்களை நினைத்து என்னையே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டேன்.

ஸ்டீராய்டு (வீக்கத்தைத் தணிக்கும் மருந்து) மாத்திரைகள் தொடங்கின. நரம்பில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. (காந்தத்தின் உதவியால் உடலுக்குள் படமெடுப்பது) எடுத்தார்கள். அந்தக் குழாய்க்குள் எந்திரம் போட்ட இரைச்சலையும் மீறி வயலின்கள் கேட்டன. அங்கேயே செத்துவிடுவேன் என்று நினைத்தேன். கட்டி இல்லை. பிறகு செவிப்பறை வழியாக வாரம் ஒன்றாக மூன்று ஊசிகள்.

ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் என் மனைவி சுமதி, வலது காதைப் பொத்திவிட்டு இடப்பக்கம் நின்று ஏதாவது பேசிப் பார்ப்பாள். மூன்றாவது ஊசி முடிந்த வாரம், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒன்று கேட்டது.

"என்ன சொன்னேன், சொல்லுங்க பாப்போம்."

"காபி ஆறுதுன்னு சொன்ன."

அவள் அழுதுவிட்டாள். நானும்தான்.

பாதிதான் திரும்பியது. அதுவே அதிர்ஷ்டம் என்றார் டாக்டர். உங்களுக்குக் காது திடீரென அடைத்தால் என்னைப்போல் காரணம் தேடிக்கொண்டு திரியாதீர்கள், அன்றைக்கே காட்டுங்கள்.

வேலைக்குத் திரும்பிவிட்டேன். ஆனாலும் லிஃப்டில் வயலின்கள் தொடங்கினால் சந்தேகம் வந்துவிடுகிறது. ஸ்பீக்கரிலிருந்து வருகிறதா, எனக்குள்ளிருந்தா? கண்டுபிடிக்க ஒரு வழிதான் உண்டு. எனக்குள் ஓடுவது தொடக்கத்தைத் தாண்டாது. ஸ்பீக்கரில் என்றால் வயலின்களுக்குப் பின் பியானோ வந்தாக வேண்டும்.

பன்னிரண்டாவது மாடியில் கதவு திறக்கிறது. நான் இறங்காமல் கீழ்த்தளத்தின் பொத்தானை அமுக்குகிறேன். கதவு மூடுகிறது. இன்னும் வயலின்கள்தான்.