இரண்டாவது பெட்டி

அந்த அறையின் மேசைமேல் ஒரு ஸ்டியரிங் இருந்தது. வண்டி இல்லை, சீட் இல்லை, வெறும் ஸ்டியரிங். செங்கல்பட்டுக்கு வெளியே புது வண்டிகளை ஓட்டிச் சோதிக்கும் ஒரு கம்பெனியில் பெருக்கித் துடைத்து, டீ போட்டுக் கொடுப்பது என் வேலை. தூசி துடைக்கிற சாக்கில் ஒருநாள் அதை லேசாகத் திருப்பினேன். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஜாக்கியில் தூக்கி நிறுத்தியிருந்த வண்டியின் முன்சக்கரங்கள் திரும்பின. சட்டென்று கையை எடுத்தேன். வாசலைப் பார்த்தால் மேடம் நிற்கிறார்.

யாரிடமும் நிமிர்ந்து பேசிப் பழகாதவள் நான். திட்டு விழும் என்று ஒடுங்கி நின்றேன். மேடம் சிரித்துக்கொண்டே வந்து, "பயப்படாதிய ஆச்சி, இன்னொருக்காத் திருப்புங்க" என்றார். அவருக்குத் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி இங்கே பக்கத்தில், அணுபுரத்தில் குடியிருந்தார். அந்த வண்டியைச் செய்த இன்ஜினியர் அவர்தான். அதில் ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் சேர்க்கும் இரும்புத் தண்டே கிடையாதாம். ஒயர் வழியாகச் சேதி ஒரு பெட்டிக்குப் போகும். பெட்டி மோட்டாரைத் திருப்பும். "ஒயர் அறுந்துட்டா?" என்று என்னையறியாமல் கேட்டுவிட்டேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் விட்டவள் கேட்கிறாளே என்று அவர் நினைக்கவில்லை. ஓர் ஒயரைப் பிடுங்கி என் கையில் கொடுத்து, "இப்பத் திருப்புங்க" என்றார். சக்கரம் திரும்பியது. பெட்டி, ஒயர், பேட்டரி, மோட்டார் எல்லாமே அதில் இரண்டிரண்டு. ஒன்று படுத்தால் மற்றது எடுத்துக்கொள்ளும்.

வண்டியை ஓட்டிப் பார்ப்பவர் என் மகளின் கணவர். ஆயுத பூஜைக்கு முந்தின நாள், வாட்டர் சர்வீஸ் குழாயைப் பிடித்து மேலும் கீழும் அடித்துக் கழுவினார். "பாத்துக் கழுவுங்க மாப்பிள்ளை" என்றேன். "கழுவாத வண்டிக்குப் பொட்டு வெச்சா சாமி கோச்சிக்கும் அத்தே" என்று சிரித்தார். மறுநாள் சந்தனம் பூசி, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். சூடம் காட்டியதே மேடம்தான்.

லீவு முடிந்ததும், வண்டியைச் செய்யப் பணம் போடப்போகிற பெரிய மனிதர்கள் பார்க்க வந்தார்கள். நான் டீத்தட்டோடு ஓரமாக நின்றேன். முதல் வளைவிலேயே வண்டி திரும்பவில்லை. நேராகப் போய், அடுக்கியிருந்த பழைய டயர்களில் முட்டி நின்றது. பிரேக் தனி என்பதால் மருமகன் பிழைத்தார். நெற்றி வீங்கியதோடு போயிற்று. திறந்து பார்த்தால், பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு பெட்டிக்குள்ளும் தண்ணீர்.

"எவன்யா இதைக் கழுவுனது?" என்று மேனேஜர் கத்தினார்.

"நான்தான் சார். பூஜைக்கு..."

"நாளையிலேர்ந்து வராதே. வீட்ல உக்காந்து பூஜை பண்ணு."

மருமகன் குழாயடிக்கு வந்து முகம் கழுவினார். "வேல போச்சு அத்தே. வூட்ல அவகிட்ட இன்னா சொல்றது?" என்றார். என் மகள் அப்போது மாசமாக இருந்தாள்.

மேடம் அதுவரை வண்டிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். எழுந்து, புடவையில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டாமல், வந்தவர்கள் முன்னாலேயே சொன்னார்: "அவரை அனுப்பாதீங்க சார். தப்பு என்னோடது. ரெண்டு பெட்டி வச்சேன். ஆனா ஒரே தண்ணில ரெண்டும் நனையற மாதிரி வச்சேன். அப்ப அது ரெண்டு இல்ல, ஒண்ணுதான்."

"கழுவாம விட்டிருந்தா ஓடியிருக்கும்ல?" என்றார் மேனேஜர்.

"ஆயுத பூஜைக்குக் கழுவாத வண்டி நம்ம ஊருல எங்க சார் இருக்கு?"

மருமகனின் வேலை தப்பியது. ஆனால் வந்தவர்கள் டீயைக்கூடக் குடிக்காமல் போனார்கள். அடுத்த முறையும் இப்படியானால் மேடத்தின் வண்டியையே மூட்டை கட்டிவிடுவார்கள் என்று பேச்சு. பழியை மருமகன் தலையில் விட்டிருந்தால் மேடத்துக்கு அந்த நெருக்கடி வந்திருக்காது. அதை நினைத்து நான் அவருக்கு டீ கொடுக்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வேன்.

ஒரு பெட்டியை முன்னாலேயே விட்டு, மற்றதைப் பின்சீட்டுக்கு அடியில் கொண்டுபோய் வைத்தார். உப்புக்காற்றிலும் தாங்க வேண்டுமென்று வண்டியை மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்து நிறுத்தி வைத்தார். "வண்டிக்குக் காத்து வாங்க ஆசையாம், இட்டுனு போறோம்" என்று மருமகன் கிண்டலடித்தார்.

மறுபடி அந்தப் பெரிய மனிதர்கள் வந்த அன்று, மேடம் முன்பெட்டியின் மூடியைக் கழற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டார். "பக்கெட்டைக் கொண்டாங்க ஆச்சி. இதுமேல ஊத்துங்க." எல்லோரும் பார்க்கிறார்கள், நான் கொஞ்சமாகச் சாய்த்தேன். "நல்லா ஊத்துங்க, மெத்தனமா ஊத்தாதிய" என்றார். ஊற்றினேன். மருமகன் வண்டியை எடுத்தார். வளைவு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். டயர்மேல் மோதும் சத்தத்துக்குக் காத்திருந்தேன், வரவில்லை. கண்ணைத் திறந்தால், முன்னால் தண்ணீர் சொட்டச் சொட்ட வண்டி வளைந்து எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. மேடம் என் கையைப் பிடித்திருந்தது அப்போதுதான் தெரிந்தது.

பிறகு அவர் வடக்கே வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டார். முட்டிவலியால் நானும் வேலையை விட்டேன். ஆயுத பூஜைக்கு மட்டும் சுண்டல் செய்து கம்பெனிக்கு எடுத்துப் போகிறேன். இப்போது எந்தப் புது வண்டியானாலும், ஒரு பெட்டியில் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் ஓட்டிப் பார்க்கிறார்கள். அந்தச் சோதனைக்கு இங்கிலீஷில் என்னவோ பேர். மருமகனும் கூட்டாளிகளும் "பூஜைத் தண்ணி" என்றுதான் சொல்கிறார்கள்.

இந்த வருஷம் அந்த அறைக்குள் போனேன். மேசைமேல் அதே ஸ்டியரிங். துடைத்து, குங்குமம் வைத்தேன். யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு லேசாகத் திருப்பினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வேறொரு வண்டியின் சக்கரங்கள் திரும்பின. பழக்கதோஷத்தில் வாசலைப் பார்த்தேன்.