அக்காவின் கல்யாண வெடி

சண்டை நடந்த அந்த நாட்களில் யாழ்ப்பாணத்துக்குள் கொண்டுவரக்கூடாத சாமான்களுக்கு அரசாங்கத்தின் பட்டியல் ஒன்று இருந்தது. பற்றரி, சவர்க்காரம் என்று நீண்டுபோகும் அதில் கொளுத்துகிற வெடிக்கும் இடம் கிடைத்திருந்தது. ஆமி அடிக்கிற ஷெல் குண்டு எங்களுக்கு இலவசமாகவே வந்துகொண்டிருந்தது. காசு கொடுத்து வாங்கும் வெடிக்குத்தான் தடை.

அக்காவுக்குக் கல்யாணம் சரிவந்தபோது மாப்பிள்ளை வீட்டார் சீதனத்தைப் பற்றி அதிகம் கதைக்கவில்லை. மாப்பிள்ளை வந்திறங்கும்போது வெடி கொளுத்தவேண்டும் என்றார்கள். அப்பா ஓம் என்றுவிட்டார்.

பண்டத்தரிப்பில் ஒரு கடைக்காரரிடம் பழைய சீனவெடிக்கட்டு ஒன்று இருந்தது. நானும் அப்பாவும் சைக்கிளில் போனோம். விற்றால் தனக்குக் கரைச்சல், வாங்கினால் எங்களுக்குக் கரைச்சல் என்று அவர் விளக்கினார். பிறகு கொஞ்சம் யோசித்து, கல்யாணத்துக்கு அன்பளிப்பாகத் தரலாம் என்றார். அடுத்த நாள் அப்பா அவருக்கு அரை மூட்டை வெங்காயம் அன்பளிப்புச் செய்தார். சட்டத்தை ஒருவரும் மீறவில்லை.

ஆனால் சத்தம் கேட்டால் ஊர் ஷெல்லென்று நினைத்துப் பதுங்குகிற பங்கர்க் குழிக்குள் ஓடும். மாப்பிள்ளையை வரவேற்க ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். அதனால் முதல்நாள் அப்பா வீடு வீடாகப் போனார்.

"நாளைக்குப் பத்து மணிபோல வெடிச்சத்தம் கேக்கும். அது எங்கடை மாப்பிள்ளை. ஒருத்தரும் ஓடவேண்டாம்."

அப்பா சொன்னால் அந்தச் சின்னத் தெருவில், எங்கள் ஒழுங்கையில், மறுபேச்சில்லை.

வெடி கொளுத்தும் பொறுப்பு என்னுடையது. பட்டுவேட்டியோடு ஒழுங்கை முகப்பில் நின்றேன். பத்து மணிக்கு மாப்பிள்ளை வரவில்லை. ஷெல் வந்தது.

முதலாவது பக்கத்துத் தோட்டத்தில் விழுந்தது. வெடிக்கட்டோடு வீட்டுக்கு ஓடினேன். அங்கே நாதஸ்வரம் தொடங்கிவிட்டது. ஆராத்தித் தட்டோடு பெண்கள் வாசல் படலைக்கு வந்துகொண்டிருந்தார்கள். இரண்டாவதும் விழுந்தது. நல்ல வெடி என்று பந்தலுக்குள் யாரோ மெச்சினார். மாப்பிள்ளையை விட்டுவிட்டு ஏன் ஓடிவருகிறாய் என்று அப்பா ஏசினார்.

"அப்பா, நான் இன்னும் கொளுத்தேல்லை" என்று பிரிக்காத கட்டை நீட்டினேன்.

அப்பா அதைப் பார்த்தார். எல்லாரையும் பங்கருக்குள் இறக்கு என்று என்னிடம் சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒழுங்கையில் ஓடினார். முதல்நாள் போன அதே வீடுகள். தான் சொன்னது பிழை, ஓடுங்கோ என்று படலைக்குப் படலை கத்தினார். மூலைவீட்டில் புருஷனும் பெண்சாதியும் விறாந்தையில் இருந்தபடி, பயப்படாதையுங்கோ, அது உங்கடை மாப்பிள்ளைதானே என்று அவரைத் தேற்றினார்களாம். 

ஐந்தாறு ஷெல்லோடு ஓய்ந்தது. முகூர்த்தம் முடிகிற நேரத்தில் மாப்பிள்ளை வந்து தாலி கட்டினார். வெடி கொளுத்தவில்லை என்று அவருடைய தாய் குறைப்பட்டார். அப்பா பந்தி நடக்கும் இடத்தில் போய் நின்று, ஒவ்வொரு வீட்டாராக முகம் பார்த்துக்கொண்டிருந்தார். மூலைவீட்டார் இருவரும் கடைசியாக வந்து இலைக்கு முன்னால் இருந்தார்கள். அப்பா பந்தற்காலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

மகளைப் பிரிகிற துக்கம், போகப்போகச் சரிவரும் என்று மாப்பிள்ளையின் தாய் ஆறுதல் சொன்னார்.