நியூட்ரலில் பார்க்கப்படாத அளவு

குற்றச்சாட்டு: 1991 மார்ச் 8, வெள்ளிக்கிழமை, ஒஹாயோவின் டன்லாப் ஃபோர்க் ஊரில் பட்டறை நடத்தும் டுவைட் கிர்ச்னர், மார்வெல்லா ஸ்டூபக்கின் 1965-ஆம் ஆண்டு ஆட்டோமேட்டிக் காரைச் சோதித்து, "கியர் எண்ணெய் முழு அளவு, பழுது இல்லை" என்று எழுதிக் கையொப்பமிட்டார். அந்த அளவு தவறானது.

'டிரைவ்' போட்டபின்பும் கார் சில நொடிகள் அசையாமல் நிற்கிறது என்று சொல்லித்தான் மார்வெல்லா காரைப் பட்டறையில் விட்டிருந்தாள். டுவைட் சிரித்தார்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு, மிஸ் ஸ்டூபக். உங்க மனசுலதான் கியர் விழ மாட்டேங்குது."

அவள் சோதனைச் சீட்டை வாங்கி உறையிலிட்டுத் தேதி எழுதினாள்.

செவ்வாய் விடியலில் தம்பி எமிலை டயாலிசிஸுக்கு அழைத்துச் சென்றாள். மேம்பாலம் பழுதுக்காக மூடப்பட்டிருந்ததால் இருப்புப்பாதையைக் கடந்தே ஆகவேண்டும். தண்டவாளத்தின் நடுவில் எஞ்சின் அணைந்தது. கியரை 'பார்க்'கில் போட்டு உயிர்ப்பித்தாள். 'டிரைவ்'வுக்கு இழுத்தாள். எஞ்சின் உறுமியது, கார் நகரவில்லை. ரயில் வருவதற்கான எச்சரிக்கை மணி அடிக்கத் தொடங்கியது. சிவப்பு விளக்குகள் எமிலின் முகத்தில் மாறி மாறி விழுந்தன.

"அக்கா, இறங்கிடலாமா?"

சக்கர நாற்காலி பின்பெட்டிக்குள் இருந்தது. எமிலால் நான்கடிகூட நடக்க முடியாது. அவள் எண்ணினாள்: ஒன்று, இரண்டு... ஆறில் கார் துள்ளிக்கொண்டு பாய்ந்தது. பின்னால் சரக்கு ரயில் கடந்தபோது அவள் கைகள் ஸ்டீயரிங்கை விட்டு வர மறுத்தன.

"கூட ரெண்டு எண்ணியிருந்தா எனக்கு இனிமே டயாலிசிஸ் ஊசியே தேவைப்பட்டிருக்காது," என்றான் எமில். இருவரும் சிரிக்கவில்லை.

அன்று மாலை தயாரிப்பாளரின் பழைய கையேட்டை வரிவரியாகப் படித்தாள். நாற்பத்தோராம் பக்கத்தில் அது இருந்தது: இந்தக் காரில், எஞ்சின் சூடாக ஓடும்போது, கியரை 'நியூட்ரலில்' வைத்தே எண்ணெய் பார்க்க வேண்டும். 'பார்க்'கில் வைத்தால் எண்ணெய் மேலே ஏறாமல் அடித்தொட்டியிலேயே தங்கி, குறைந்த அளவையும் நிறைவாகக் காட்டும்.

புதன் காலை பட்டறைக்குப் போனாள். டுவைட் வழக்கம்போல் 'பார்க்'கிலேயே வைத்து அளவுக்கம்பியை உருவினார்.

"பாத்துக்கோங்க. ஃபுல்லு."

"ஹேண்ட் பிரேக்க இழுத்துட்டு நியூட்ரல்ல பாருங்க."

"இருபது வருஷமா எல்லா வண்டிக்கும் இப்படித்தான் பாக்கறேன், மேடம்."

"இது எல்லா வண்டி இல்ல, மிஸ்டர் கிர்ச்னர். பாருங்க."

பார்த்தார். கம்பியின் நுனி மட்டுமே நனைந்திருந்தது. ஒன்றரை குவார்ட், கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர், குறைவு.

"சரி, ஊத்திடறேன். காசு வேண்டாம். கிளம்புங்க."

"ஊத்தலாம். உள்ள இருந்தது எங்க போச்சு?"

அவர் காருக்கு அடியில் ஈரமில்லாத தரையைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். தரையில் ஒரு சொட்டாவது கிடந்திருந்தால், கசியும் இடமாவது தெரிந்து அவளுக்குப் பயம் குறைந்திருக்கும். நாளை விடியலில் அதே தண்டவாளம். அதே தம்பி.

பட்டறை மேசையருகிலேயே நின்று ஒரே கடிதத்தை இரண்டு படிகளாக எழுதினாள். ஒன்றை அவர் கையில் கொடுத்தாள்:

"மார்ச் 8-ஆம் தேதிச் சீட்டில் எழுதிய அளவு எந்தக் கியரில் பார்க்கப்பட்டது? குறைந்த எண்ணெய் எவ்வழியே போனது? இந்தக் காரில் என் தம்பியைத் தண்டவாளம் கடத்தலாமா, கூடாதா? இம்மூன்றுக்கும் தங்கள் கையொப்பத்துடன், இன்று மாலை ஐந்து மணிக்குள், எழுத்து மூலம் பதில் தர வேண்டும். வாய்வார்த்தை ஏற்கப்படாது."