பாரமான சன்னம்

போன கிழமை பனிச்சப்பாத்து வாங்கப் போன கடையில், வழி தவறி வேட்டைக்காரர் பகுதிக்குள் நுழைந்துவிட்டேன். வந்த வேலையை மறந்து, துவக்குச் சன்னப் பெட்டிகளில் குண்டுக்குக் குண்டு போட்டிருந்த எடைகளை வாசித்துக்கொண்டு நின்றேன். "அப்பா, வை ஆர் யூ ரீடிங் தட்?" என்றாள் மகள். மானுக்கு எந்த எடை சரி என்று எனக்குத் தெரியும் என்றால் சிரிப்பாள். நான் அடிக்கிற நுளம்பே பாதி தப்பிவிடும்.

அங்கே வந்த எண்ணெய் மணம் இருக்கிறதே, அது தொண்ணூறுகளில் நான் வேலை செய்த ஸ்காபரோ பிளாஸ்டிக் தொழிற்சாலையின் மணம். சோற்றுப் பெட்டிக்குள்ளும் புகுந்துவிடும். மத்தியானம் ஒரே மேசையில் மூன்று பேர்: நான், சென் ஜேம்ஸ் ரவுணில் என் அறையில் கூட இருந்த குகன் அண்ணை, மெஷின் திருத்துகிற டேவ். டேவுக்கு வேட்டைதான் பேச்சு. கனடாவில் கைத்துவக்கால் மான் சுட விடமாட்டார்கள் என்று வருடா வருடம் மிச்சிகனில் இருந்த தமையனிடம் போவான். நாங்கள் புட்டை விழுங்கியபடி தலையாட்டுவோம்.

கைத்துவக்குக்கு வேகம் குறைவு, ஆகவே பாரமான சன்னம்தான் வேண்டும் என்பது அவன் கட்சி. அது துளைத்து மறுபக்கம் போகும். நிலத்தில் விழும் இரத்தத்தைப் பின்தொடர்ந்தால் மான் கிடைக்கும். இலேசானது உள்ளேயே உடைந்து நின்றுவிடுமாம்.

அதைக் கேட்ட அன்று குகன் அண்ணை சாப்பாட்டை மூடிவைத்தார். ஊரில் அவருடைய தம்பியை யாரோ பிஸ்டலால் சுட்டிருந்தார்கள். யார் என்று அந்த நாட்களில் ஒருவரும் கேட்கமாட்டார்கள். வயிற்றைப் பொத்திக்கொண்டு பற்றைக் காட்டுக்குள் ஓடியவனைப் பிறகு கண்டவர் இல்லை. நிலத்தில் ஒரு சொட்டு இரத்தமும் இல்லை. அதனால் பெரிய காயமாக இராது, எங்கேயோ உயிரோடு இருக்கிறான் என்று தாயும் இவரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். செத்தவர்களுக்குச் செய்கிற அந்தியேட்டியும் செய்யவில்லை.

"ஸ்மோல் புல்லற். ஹியர்," அண்ணை தன் வயிற்றைத் தொட்டார். "நோ பிளட். டியர் ஓகே?"

அண்ணையும் வேட்டைக்கு வரப்போகிறார் என்று டேவுக்கு ஒரே புளுகம், வாயெல்லாம் சிரிப்பு. இரத்தம் வெளியே வராவிட்டால் உள்ளே நிறையும், மான் தூரம் ஓடும், தண்ணீரைத் தேடிப் போய்ப் படுக்கும், பிழைக்காது என்று கையால் காட்டிக் காட்டி விளங்கப்படுத்தினான். அதனால் பாரமானதையே வாங்கு என்றான். அவனில் ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் எனக்கு இன்றுவரை அவன் மேல் கோபம்.

கொஞ்சம் பொறுத்து அண்ணை என்னிடம் சொன்னார்: "தம்பி ஓடின பக்கம் ஒரு குளம் இருக்கு. அங்கை ஒருத்தரும் போய்ப் பாக்கேல்லை."

அந்த ஞாயிறு, கொழும்புக்கு வந்திருந்த தாயோடு தொலைபேசியில் பேசினார். பக்கத்தில் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, தம்பிக்கு அந்தியேட்டியைச் செய்வம்."

மறுபக்கத்துக் கத்தல் எனக்கே கேட்டது. "ஆரடா உனக்குச் சொன்னது? ஆர் கண்டது?"

மான் கதையை அந்த மனுசியிடம் எப்படிச் சொல்வது? அண்ணை தொலைபேசியை வைத்துவிட்டார். தாய் கடைசிவரை சம்மதிக்கவில்லை, அதன்பிறகு அவரோடு பேசவுமில்லை.

தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது கொண்டோக்கள். தாயும் இல்லை, அண்ணையும் இல்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் முதலில் போனது வேறொன்று. ஊரிலிருந்து யார் புதிதாக வந்தாலும் தம்பியின் படத்தைக் காட்டி, "இவனை எங்கையும் கண்டனீங்களோ?" என்று கேட்பது அவர் வழக்கம். தாயோடு பேசிய அந்த வருடக் கடைசியில், புதிதாக வந்த ஒரு பெடியன் தானாகவே எங்கள் அறைக்கு வந்தான்.

"அண்ணை, நீங்கள் ஆரையோ தேடுறியளாம். படத்தை ஒருக்காக் காட்டுங்கோ."

"இல்லைத் தம்பி," என்றார். "நான் ஒருத்தரையும் தேடேல்லை."